படகுக்கு ஒன்றும் ஆகவில்லை

பிப்ரவரி 9

ரேடியோ,

உன் அம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. எப்போது போன் செய்தாலும் "தூங்குறாம்மா" என்கிறார். பின்னாலேயே உன் குரல் கேட்கிறது. நாளை முதல் முகாமில் எங்கள் போன்களை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அதனால் கடிதம். பேசவே வராதவளுக்கு எழுதவா வரும் என்று நீ சிரிப்பாய். சிரித்தால் சரி.

எப்படி நடந்தது என்று கோச் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பயிற்சி முடிந்து படகைத் தோளில் வைத்துக்கொண்டு படகுத்துறையில் ஏறி வந்தோம், நான் முன்னால், நீ பின்னால், பலகை ஈரமாக இருந்தது, நீ வழுக்கி வலது கையை ஊன்றினாய், மணிக்கட்டு உடைந்தது என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன்.

உன் கட்டில் நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. ஜன்னலில் உன் துண்டு காய்ந்து விறைத்திருந்தது. மடித்து வைத்தேன்.

படகை விளக்கு அடித்து முழுக்கச் சோதித்துப் பார்த்தார்கள். படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ கவலைப்படாதே.

வலி எப்படி இருக்கிறது?

உம்மு


பிப்ரவரி 20

உம்முவுக்கு,

எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். இடது கை. ஒரு வரி எழுதுவதற்குள் நாக்கு வெளியே வந்துவிடுகிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல. ஆனாலும் எழுதியே தீருவேன், ஏனென்றால் மனசுக்குள் வைத்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

படகுக்கு ஒன்றும் ஆகவில்லையா? ரொம்ப சந்தோஷம். நான் விசாரித்ததாகப் படகிடம் சொல்.

கோச்சிடம் நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்லட்டுமா? நான் விழுந்தேன். என் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இடது தோளில் படகு, அதைத் தாங்கிய இடது கை, வலது கை பலகையில். நீ படகை இறக்கினாய். திரும்பினாய். என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து, படகின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாய்! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நிதானமாக, விரிசல் விழுந்திருக்கிறதா என்று. நான் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், என் கை போகக்கூடாத பக்கம் போய்த் தொங்குகிறது, நீ படகைத் தடவிக்கொண்டிருக்கிறாய். மயக்க மருந்து கொடுத்தபோதும் அதுதான் கண்ணில் நின்றது. பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் ஏதோ கதவுக் கீல் மாதிரி இருக்கிறது.

வீட்டில் நான் இப்போது கைக்குழந்தை. அம்மா தலை பின்னிவிடுகிறார், கொக்கி மாட்டிவிடுகிறார், பாவாடை நாடா கட்டிவிடுகிறார். அப்பா லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்புவதற்கு முன்னால், எனக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது என்று வீட்டிலுள்ள எல்லா டப்பா மூடிகளையும் தளர்த்தி வைத்துவிட்டுப் போகிறார். பாவம், அம்மாவிடம் சொல்வதில்லை. அம்மா மூடியைப் பிடித்துத் தூக்குகிறார், சர்க்கரை அத்தனையும் தரையில். நேற்று எண்ணெய். வீட்டில் யாரும் என்னைத் திட்டுவதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அவர்கள் வேலைக்குப் போன பிறகு வீடு அப்படியே அடங்கிவிடுகிறது. எதிர் மாடியில் துணி காய்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ உம்மணாமூஞ்சி, அதனால் உம்மு. நான் வாய் மூடாதவள், அதனால் ரேடியோ. ரேடியோ நிலையம் மூடப்பட்டது. இனிமேல் எழுதாதே.


மார்ச் 6

ரேடியோ,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

ஆமாம், படகைத்தான் முதலில் தொட்டேன். யோசித்துச் செய்யவில்லை. என் கை தானாகப் போனது. நான் திரும்பியபோது நீ மண்டி போட்டிருந்தாய், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாளெல்லாம் கத்துகிறவள் அப்போது மட்டும் கத்தவில்லை. ஒரு "அம்மா" சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

உன்மேல் பழி போடுவதுபோல் இருக்கிறது. எழுதியதை அடித்தால் இன்னும் அசிங்கமாக இருக்கும். விட்டுவிடுகிறேன்.

மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதற்குள் நானே ஒன்று சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரம் ஒருத்தி வருகிறாள். உன் இடத்துக்கு. இரண்டு பேர் படகில் ஆளுக்கு ஒரு துடுப்பு, ஆளுக்கு ஒரு பக்கம். ஒருத்தி மட்டும் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். தேர்வுப் போட்டி ஜூனில் என்றார் கோச். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். நான் தலையாட்டினேன்.

உன் கட்டிலில்தான் படுப்பாள். வேறு கட்டில் இல்லை. துண்டை என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உம்மு


ஏப்ரல் 4

உம்மு,

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வேறு யாருடைய கையோ வந்தது. ஒல்லியாக, தோல் உரிந்து, முடி வளர்ந்து, வெயிலே படாத ஒரு கை. டாக்டர் "அசைச்சுப் பாரும்மா" என்றார். அசைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்குத்தான் தெரியவில்லை, ஏனென்றால் அது அசையவில்லை.

இப்போது தினமும் பிசியோதெரபி. ஒரு அக்கா இருக்கிறார், சிரித்துக்கொண்டே உயிரை எடுப்பவர். மேஜையில் முழங்கையை ஊன்றி, அப்பாவின் சின்னச் சுத்தியலைக் கையில் பிடித்து, உள்ளங்கை மேலே, உள்ளங்கை கீழே என்று திருப்ப வேண்டும். நான் துடுப்பைத் திருப்பாத நாளே கிடையாது. தண்ணீரிலிருந்து எடுத்ததும் மணிக்கட்டை மடக்கித் துடுப்பைப் படுக்க வைப்பது, போடும்போது நிமிர்த்துவது, தூக்கத்தில்கூட என் கை செய்த வேலை அது. இன்று சுத்தியல் பாதி வழியில் நின்றுவிட்டது. நான் அந்தச் சுத்தியலைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பக்கத்தில் முதுகுவலிக்கு வந்திருந்த பெரியவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

அந்த அக்கா ஒரு கேள்வி கேட்டார். "வழுக்கினப்ப படகை விட்டுட்டு ரெண்டு கையையும் ஊன்றியிருந்தா இப்படி நொறுங்கியிருக்காதே. ஏன் விடலை?"

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "படகை எப்படிக்கா விடறது?" என்று கத்தினேன். விடுவதாவது! கத்திவிட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. அம்மா பயந்துவிட்டார்.

நீ படகைத் தொட்டாய். நானோ படகை விடவே இல்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முழுசாக உன்மேல் போட முடியவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

அந்தப் புதியவள் எப்படி? வழி சொல்கிறாளா? திரும்பும் இடத்தில் "இப்போ" என்று சொல்கிறாளா, இல்லை உன்னை மாதிரி இன்னொரு ஊமையா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வேறொன்றுமில்லை.

ரேடியோ

(இதை வலது கையில் எழுத ஆரம்பித்தேன். முதல் வார்த்தையோடு சரி.)


ஏப்ரல் 19

ரேடியோ,

அவள் நல்லவள். நெட்டை. உயரத்தால் கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு தூங்குகிறாள். எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிறாள். வழி சரியாகச் சொல்கிறாள். "இப்போ" என்று சொல்வதில்லை, "ரெடி" என்கிறாள். படகு நேராகப் போகிறது. வேகமாகவும் போகிறது. பொய் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. நாம் இருவரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவோம். நீ பின்னால் இருந்ததால் என் முதுகு உனக்குத் தெரியும். எனக்கு முன்னால் யாரும் இல்லை. கடந்து வந்த தண்ணீர் மட்டும்தான். இத்தனை வருடத்தில் நீ துடுப்புப் போடுவதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, தெரியுமா? உன் குரலைத்தான் கேட்டிருக்கிறேன். "தோளை இறக்குடி, கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறாங்களா?" என்பாய். "அந்தக் கொக்கைப் பாரு, உன்னை மாதிரியே மூஞ்சி" என்பாய். நான் பதில் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதில்லை, நீ நாளைக்கும் பேசுவாய் என்றுதான்.

நெட்டை தேவையானதை மட்டும் பேசுகிறாள். கொக்கு அங்கேயேதான் நிற்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கை திரும்புகிறதா?

உம்மு


மே 23

உம்மு,

வலது கையில் எழுதுகிறேன். மெதுவாகத்தான். அப்பா பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நல்ல சேதி முதலில். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்பாவின் லிஃப்ட் கம்பெனியில், போன் எடுக்கும் வேலை. ஒரு சின்ன அறை, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல், மூன்று போன். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் உள்ளேயிருந்து பட்டனை அமுக்குவார்கள், நான் எடுப்பேன். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். ரேடியோவுக்கு ஏற்ற வேலை என்று நீ சொல்வாய். நேற்று ஒரு அம்மா, விளக்கும் போய்விட்டது, ஒரே அழுகை. "கதவைத் தள்ளாதீங்க, உக்காந்துக்குங்க, என் குரலைக் கேட்டுக்கிட்டே இருங்க" என்றேன். எங்கள் வீட்டுச் சர்க்கரைக் கதையைச் சொன்னேன். அப்பா போய்க் கதவைத் திறந்தபோது அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவர் முகம் தெரியாது.

இப்போது மற்றது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துச் சொல்லிவிட்டார். எலும்பு கூடிவிட்டது. தூக்கலாம், இழுக்கலாம், பலம் முழுசாக வரும். ஆனால் மணிக்கட்டு பின்னால் மடங்காது. பாதிதான். "அது இனிமே அவ்வளவுதாம்மா" என்றார். நான் தைரியமாகக் கேட்டுக்கொண்டேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், மூக்கெல்லாம் ஒழுக, போகிற வருகிறவர்கள் பார்க்க. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

என் பக்கத் துடுப்பில் வலது கைதான் திருப்பும் கை. மடங்காத மணிக்கட்டை வைத்துக்கொண்டு எதைத் திருப்புவது?

அதனால் கேள். நெட்டையோடு போ. தேர்வுப் போட்டியில் ஜெயித்து வா. பெரிய மனசு பண்ணிச் சொல்கிறேன் என்று நினைக்காதே, எனக்குப் பெரிய மனசெல்லாம் இல்லை, வயிறு எரிகிறது. ஆனாலும் போ. என் துண்டை அவளுக்கே கொடுத்துவிடு. இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் எனக்கு ஆசை வரும்.

ரேடியோ


ஜூலை 2

உம்மு,

பதில் எழுதாதே என்று சொன்னால் எழுதாமலே இருந்துவிடுவதா? முன்பு எழுதாதே என்றபோது எழுதினாயே. சொன்ன பேச்சைக் கேட்பதற்கு இதுதான் நேரமா?

தேர்வு முடிந்திருக்கும். ஜெயித்திருந்தால் ஜெயித்தோம் என்று எழுது. நான் செத்துவிட மாட்டேன்.

இங்கே ஒன்றுமில்லை. காலையில் பஸ், போன், சாயங்காலம் பஸ். அலுவலகத்தில் எல்லோரும் கல்யாணமானவர்கள், மதியம் வட்டமாக உட்கார்ந்து பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் உடம்பு வலிக்க எதையும் செய்யாமல் தூங்கப் போகிறேன். தூக்கம் வரமாட்டேன் என்கிறது. நாளெல்லாம் முகம் தெரியாதவர்களிடம் பேசிவிட்டு வந்து, தெரிந்தவர்களிடம் பேச ஒன்றும் மிச்சமில்லை. "என்னடி, வாயைத் தச்சுட்டாங்களா?" என்று அம்மா கேட்கிறார். ரேடியோவுக்கு அந்தப் பக்கம் கேட்க ஒருத்தி வேண்டாமா?

பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் தண்ணீர் தெரியாத பக்கமாக உட்காருகிறேன். ஒரு வரி எழுது.

ரேடியோ


ஜூலை 15

ரேடியோ,

தேர்வாகவில்லை. நாங்கள் கடைசி. காரணம் நான்தான். முழுக்கப் படி, நடுவில் கிழித்துப் போடாதே.

உன் மே மாதக் கடிதத்தைப் படகுத்துறையில் உட்கார்ந்து படித்தேன். டாக்டர் இழுக்கலாம் என்றார், மணிக்கட்டு மடங்காது என்றார். அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். துடுப்பு உனக்கு வலது பக்கம் இருந்ததால் வலது கை திருப்பியது, இடது கை இழுத்தது. துடுப்பு இடது பக்கம் வந்தால்? இடது கை திருப்பும். வலது கை பிடியின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், மணிக்கட்டை மடக்கவே வேண்டாம். நம் படகில் இடது பக்கத் துடுப்பு யாருடையது? என்னுடையது. முன் இருக்கை.

படகை மாற்ற வேண்டியதில்லை. நாம் இடம் மாறினால் போதும்.

நீ பின்னால் இருந்து எல்லாம் செய்தாய். திரும்பி வழி பார்ப்பது, காற்றுக்கு ஏற்பச் சொல்வது, "இப்போ" என்பது. நான் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் நெட்டையிடம் கேட்டேன், இடம் மாறலாமா என்று. காரணம் சொன்னேன். அவள் வழக்கம்போல் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சரி என்றாள். எங்கள் இருவருக்குமே பக்கம் புதிது. முதல் நாள் கவிழ்ந்தோம். மறுநாளும் கவிழ்ந்தோம். கோச் கரையிலிருந்து ஒலிபெருக்கியில் திட்டியது அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். "தேர்வை வச்சுக்கிட்டு இப்ப என்ன விளையாட்டு?" என்றார். சொன்னேன். "இந்த சீசன் போயிடும்" என்றார். போகட்டும் என்றேன். நான் அவரிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். நெட்டை பழைய பக்கத்துக்கே திரும்பி நால்வர் படகுக்குத் தனியாகத் தேர்வானாள், அவளுக்கு நஷ்டமில்லை.

நடுவில் ஏன் எழுதவில்லை என்றால், என்னால் முடியுமா என்று தெரியாமல் உனக்கு ஆசை காட்டப் பயந்தேன்.

இன்னும் சரியாக வரவில்லை. எனக்குச் சத்தமாகப் பேசுவதுதான் கஷ்டம். துடுப்புப் போடுவது சுலபம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. போன வாரம் திரும்பிப் பார்க்க மறந்து, படகைத் துறையில் மோதிவிட்டேன். நல்ல சத்தம். நான் முதலில் "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டேன். நெட்டை விழித்தாள். எல்லோரும் விழித்தார்கள். படகில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். யாரோ சொல்லித்தான் பார்த்தேன்.

கோச் ஒரு நாள் தருகிறேன் என்கிறார். நீ வந்து உட்கார வேண்டும், அவர் பார்க்க வேண்டும். சரிப்பட்டால் அடுத்த சீசன். சரிப்படாவிட்டால் அவர் சொல்வதை நான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறைதானே?

உன் துண்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

உம்மு


ஜூலை 21

உம்மு,

பைத்தியக்காரி. ஒரு சீசனையே தூக்கிப் போட்டிருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். இதைப் படித்துவிட்டு நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன், போன் அறையில், தனியாக. லிஃப்டில் யாரும் மாட்டியிருக்கவில்லை, நல்லவேளை.

கை தாங்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, பிசியோதெரபி அக்கா "போய்ப் பாரு, வலிச்சா நிறுத்து" என்றார். அப்பா துடைப்பத்தை நாற்காலியில் கட்டித் துடுப்பு செய்து கொடுத்தார். இடது பக்கம். இடது கை திருப்ப, வலது கை இழுக்க. வலித்தது, ஆனால் இழுத்தது.

பின்னால் அம்மாவை உட்கார வைத்தேன், பழகிப் பார்க்கலாம் என்று. கொஞ்ச நேரத்தில் பின்னால் சத்தமே இல்லை. "அம்மா, இருக்கியா?" என்றேன். திரும்பிப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார், நான் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு வெறும் நாற்காலிக்கு முன்னால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முதுகெல்லாம் சில்லிட்டுவிட்டது, உம்மு. இத்தனை வருடம் நீ இப்படித்தான் உட்கார்ந்திருந்தாயா? நான் பேசிக்கொண்டே இருந்தது உனக்குத் தொந்தரவு என்றல்லவா நினைத்தேன்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். கரைக்குப் படகைத் தூக்கிப் போகும்போது நான் முன்னால் நடக்கிறேன், நீ பின்னால் வா. தண்ணீரில் இறங்கிய பிறகு நான் திரும்பிப் பார்த்தால் படகு ஆடும், பார்க்க மாட்டேன். நீ இருக்கிறாய் என்பது எனக்குக் காதால்தான் தெரிய வேண்டும்.

அதனால் சும்மா இருந்துவிடாதே. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் அந்தக் கொக்கைப் பற்றியாவது சொல்.

ரேடியோ